நிபந்தனைகளுக்கு உட்பட்டது

பாஹாவ் கிளையில் கடன் அதிகாரிகள் ஏழு பேர்.
ஏழு பேரின் முகநூல், டிக்டாக், புலன நிலை
எல்லாவற்றையும் பின்தொடர்கிறேன்.
விருப்பக்குறி மட்டும் போடக் கூடாது.
வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்.

இரவு பதினொன்றுக்கு மேல்தான் கடன் விற்கிறது.
நானும் படுத்தபடியே படம்பிடித்து வைத்து
காலையில் அனுப்புகிறேன்:
'ஒப்புதல் உறுதி', நீக்கவும்.
'கறுப்புப் பட்டியலா? கவலை வேண்டாம்', உடனே நீக்கவும்.

வோங் நீக்க மாட்டான்.
'நண்பர்கள் மட்டும்' என்று மாற்றிவைப்பான்.
நண்பர்கள் நாலாயிரத்துச் சொச்சம்.

ஹஸ்லினா சுழன்று சுழன்று ஆடியபடி
வட்டி விகிதம் சொல்கிறாள்.
மூன்று முறை பார்த்தேன். விகிதம் சரி.
எந்தத் தேதி வரைக்கும் என்பதுதான் இல்லை.
அதையும் எங்காவது சொல்லிவிடு என்றால்
'தாளம் தப்பும் காக்' என்கிறாள்.

கிருபாகரன் அப்படியில்லை.
இடித்த தோட்டத்து லயத்தில்
எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருந்தார்கள்,
இப்போது எங்கே வாடகைக்கு இருக்கிறார்கள்,
எல்லாம் அவன் கைபேசியில் இருக்கிறது.

நேற்று அவன் போட்டது:
'லயத்திலிருந்து சொந்த வீட்டுக்கு!
முன்பணம் ஒரு காசு வேண்டாம்!'
கீழே புதுத் தாமான், பச்சை கேட்.
செம்பனை லோரி ஓட்டும் சற்குணன்,
கையுறைத் தொழிற்சாலைக்குப் போகும் அமுதினி,
இருவர் கையிலும் ஒரே சாவி.

உரிம எண் இருக்கிறதா என்று
இரண்டு விரலால் படத்தை விரித்தேன்.
இருந்தது, அவள் தோளுக்குப் பின்னால் பாதி.
இன்னும் விரித்தேன்.
கழுத்தில் மஞ்சள் கயிறு.
சாயம் போகாத புதுக் கயிறு.
சற்றுக் கீழே
வெயில் படாத ஒரு கோடு,
சங்கிலி கிடந்த தடம்.

கோப்பைத் திறந்தேன்.
முன்பணம்: இல்லை.
வழக்கறிஞருக்கும் முத்திரைக்கும் மதிப்பீட்டுக்கும்
பதினோராயிரத்து நானூறு ரிங்கிட்.
கேட்ட மறுநாளே, ரொக்கமாக.

'எழுதினது பொய்யாக்கா?' என்றான் கிருபாகரன்.
பாதி, என்றேன்.
'மீதிப் பாதிக்கு எடமில்லையே.'
ஒன்பது நாற்பதுக்கு நீக்கிவிட்டான்.
என் அட்டவணையில் ஒரு கட்டம் பச்சையானது.

மத்தியானம் கிளைக்கு ஒரு தொலைபேசி.
'என் வீட்ட யாரு அழிச்சது?'
குளுவாங் நாத்தனாருக்கு அனுப்பியிருந்தாளாம்.
அங்கே தொட்டால் ஒன்றும் திறக்கவில்லையாம்.
பொய் சொல்லிட்டேன்னு நெனைக்கறாங்க மேடம்.

விளம்பரத்தில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது,
வாடிக்கையாளர் பாதுகாப்புக்காகத்தான், என்று
நான் மனப்பாடமாக வைத்திருப்பதைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
ஏதோ இயந்திரம் மட்டும் ஓடியது.

'அந்த வரி எனக்குத் தெரியும் மேடம்.
அடகுக்கடைச் சீட்டுல இருக்கு.
படத்த மட்டும் குடுங்க.'

படம் என்னிடம்தான் இருக்கிறது.
சாட்சியமாக ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும்.
வெளியே போகக் கூடாது.
அவர்கள் கட்டப்போவது முப்பத்தைந்து வருடம்.

எழுத்தை வெட்டினேன்.
வங்கியின் பெயரை வெட்டினேன்.
பாதி உரிம எண் தோளோடு போய்விடும்போல் இருந்தது;
அதை விட்டுவிட்டேன்.
குலை ஏற்றிய லோரி ஒன்று
கிளைக் கண்ணாடி அதிரப் போனது.
சற்குணனாகவும் இருக்கலாம்.

வெளியே அனுப்பும் எதற்கும் ஒரு படிவம் உண்டு.
முதல் கேள்வி: இது விளம்பரமா?
இல்லை
என்று குறித்தேன்.